அவுட்ஃபீல்டர்களைக் கடைசியில் எடுத்த அக்கா

பெயர் சொல்ல மாட்டேன். மருந்துக்கடையில் வேலை செய்கிறவளுக்கு, யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்வது பழகிப்போகும். அதனால் இங்கே அவர் வெறும் அக்காதான். கனடாவில் தமிழர்கள் நெருங்கி வாழும் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் நின்று அக்கா என்று கூப்பிட்டால் தெருவில் பாதிப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள். ஆகவே யாரும் அவரைக் கண்டுபிடிக்கப் போவதில்லை.

நான் திருச்சிக்காரி, அவசரக்காரியும்கூட. அக்கா யாழ்ப்பாணம். அவசரம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதாகவே காட்டிக்கொள்ள மாட்டார். எங்கள் இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தது பேஸ்பால். அதுவும் நிஜ பேஸ்பால் இல்லை, கற்பனை பேஸ்பால்.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் நிஜமாக ஆடும் ஆட்டக்காரர்களை நாங்கள் எட்டுப் பேர் மார்ச் மாதத்தில் ஒருநாள் கூடி, முறைவைத்துப் பிரித்துக்கொள்வோம். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். ஒருவர் எடுத்த ஆளை இன்னொருவர் எடுக்க முடியாது. அதன்பிறகு அந்த ஆள் நிஜ மைதானத்தில் அடிப்பதும் ஓடுவதும் எங்கள் கணக்கில் புள்ளிகளாக ஏறும். ஒவ்வொரு முறைக்கும் தொண்ணூறு விநாடிதான் நேரம். அதற்குள் நீங்கள் எடுக்காவிட்டால் கம்ப்யூட்டரே யாரையாவது எடுத்து உங்கள் தலையில் கட்டிவிடும்.

எங்களில் ஒருவனான சுதனுடைய கைப்பேசி பழுதுபார்க்கும் கடையின் பின்னறையில்தான் கூடுவோம். திங்கட்கிழமை அவன் கடை பூட்டு. பாலா அண்ணை துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், அன்றைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு ஒரு பெட்டி நிறைய, இறைச்சி அடைத்துப் பொரித்த றோல்ஸ் வாங்கி வருவார். மற்றவர்களும் அப்படித்தான், ஏதாவது பொய் சொல்லிவிட்டு வேலையிலிருந்து வந்தவர்கள். பெண்கள் நானும் அக்காவும் மட்டும்.

அந்த மேசையில் எல்லாரும் முதல் மூன்று நான்கு சுற்றுகளில் அவுட்ஃபீல்டர்களுக்காக அடித்துக்கொள்வோம். மைதானத்தின் பின்பகுதியில், தூரத்தில் நின்று பந்து பிடிக்கிறவர்கள் அவர்கள். பெரும்பாலும் பந்தைச் சுவருக்கு வெளியே அனுப்பி ஹோம் ரன் அடிக்கிறவர்களும் வேகமாக ஓடுகிறவர்களும் அவர்களில்தான் இருப்பார்கள். ஒரு அணிக்கு ஐந்து பேர் வேண்டும். அக்கா மட்டும் அந்தப் பக்கமே போக மாட்டார். பந்து எறியும் பிட்சர், அதை எதிரே குந்தியிருந்து பிடிக்கும் காட்சர் என்று எடுத்துக்கொண்டே போவார். கடைசிச் சுற்றுகள் வரும்போது அவர் அணியில் ஐந்து அவுட்ஃபீல்டர் இடமும் வெறுமையாகக் கிடக்கும்.

"என்னக்கா, இன்னும் ஒருத்தனைக்கூட எடுக்கல?" என்று முதல் வருடம் கேட்டேன்.

"வெளிக்களம் பெரிசு பிள்ளை. நிக்கிறவையும் கனபேர். ஏன் அடிபடுறீர்?"

"நல்லவனெல்லாம் போயிடுவானே."

"போறவன் போகட்டும். மிஞ்சிறவனிலை ஒருத்தன் எனக்கு எண்டு இருப்பான்."

ஜான்-டலோன் சந்தையில் ஒரு காய்கறிக் கடையில் அவர் வேலை செய்தார். அங்கே போய்ப் பார்த்தால் இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று தெரியும். காலையில் முதல் ஆளாக வந்து, பளபளக்கும் தக்காளியை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து வாங்குகிறவர்களை அவர் ஒரு சிரிப்போடு அனுப்பிவைப்பார். சாயங்காலம் கடை மூடும் நேரத்தில், பெட்டியின் அடியில் கிடக்கும் கத்தரிக்காயைத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொள்வார். "முதல் வாறவை வடிவுக்கு வாங்கினம். கடைசியாய் வாறவை சமைக்க வாங்கினம்" என்பார். நான் எப்போதும் முதலில் போகிறவள். அது என்னைச் சொன்னது என்று தெரிந்தும் சிரித்துவைப்பேன்.

பேஸ்பால் அவருக்கு எப்படி வந்தது என்பது தனிக் கதை. இந்த நகரத்துக்கென்று ஒரு அணி இருந்தது, வேறு ஊருக்குப் போய்ப் பல வருடமாகிவிட்டது. அக்கா கனடாவுக்கு வந்த புதிதில் அந்த மைதானத்தில் உருளைக்கிழங்குப் பொரியல் விற்கும் கடையில் நின்றிருக்கிறார். கடை இருந்தது வெளிக்களச் சுவருக்குப் பின்னால், மலிவு இருக்கைகளுக்கு நடுவில். பந்தை எறிகிறவனும் அடிக்கிறவனும் அங்கிருந்து எறும்பு மாதிரித் தெரிவார்கள். கிட்டத்தில் தெரிவது அவுட்ஃபீல்டர்கள் மட்டும்தான். அவர்களிலும் முதுகு மட்டும்தான்.

"மூஞ்சியை ரீவியிலை எல்லாரும் பாக்கினம். நான் முதுகைத்தான் பாத்தனான்" என்பார்.

அவர் ஆட்டக்காரர்களை எடைபோடும் முறையே அதுதான். குளிர்காலம் முழுக்க, தலைக்கு மேலே போகும் பந்தைத் துரத்தி அவர்கள் திரும்பி ஓடும் காட்சிகளைத் தேடித் தேடிக் கைப்பேசியில் பார்ப்பார். ஓடும்போது ஒரேயொரு முறை திரும்பிப் பார்க்கிறானா, இரண்டு மூன்று முறை பார்க்கிறானா என்பது அவருக்கு முக்கியம். ஒருமுறை பார்க்கிறவனுக்குத் தன் காலில் நம்பிக்கை இருக்கிறதாம். பெயர்கள் அவர் வாயில் நுழையாது, நுழைக்கவும் மாட்டார். சுவர்முட்டி, கோழிக்கால், கழுத்துத்திருப்பி என்று அவர்களுக்குச் சொந்தமாகப் பெயர் வைத்திருந்தார். அவர் அணியை அவர் சொல்லிக் கேட்டால் பேஸ்பால் அணி மாதிரியே இருக்காது.

"பந்து பிடிக்கிறதுக்கு நம்ம விளையாட்டுல புள்ளியே கிடையாதே அக்கா. அடிக்கிறதுக்குத்தானே புள்ளி?" என்று ஒருநாள் மடக்கினேன்.

"பிடிக்கிறவனை வெளியிலை இருத்த மாட்டினம் பிள்ளை. பிடிக்கத் தெரியாதவனை ஒருநாள் விட்டு ஒருநாள் இருத்துவினம். நிண்டாத்தானே அடிப்பான்."

இந்த முறையால் அவர் வருடா வருடம் ஜெயித்தார் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஜெயிக்கவில்லை. நடுவில் எங்காவது நிற்பார். ஒரு வருடம் கோழிக்காலுக்காகக் கடைசி விநாடி வரை விரலைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததில் நேரம் முடிந்து, கம்ப்யூட்டர் அவருக்கு ஒரு அவுட்ஃபீல்டரை எடுத்துக் கொடுத்தது. முழங்கால் கிழிந்து அந்த வருடம் முழுக்க ஆடமாட்டான் என்று உலகத்துக்கே தெரிந்த ஆள் அவன். பாலா அண்ணை மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். அக்கா அவனை விலக்கிவிட்டு வேறு ஆளை எடுத்திருக்கலாம், விதியில் இடமுண்டு. எடுக்கவில்லை. "என்னட்டை வந்திட்டான், இனி எங்கை போவான். காலைச் சுகப்படுத்தட்டும்" என்று ஆட்டங்கள் முடியும் அக்டோபர் வரை அவனை வைத்திருந்தார்.

இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது, மருந்துக்கடையின் கவுண்டருக்கு அந்தப் பக்கம் அவர் வந்து நிற்கும் வரைக்கும்.

அவருடைய இதயத்தில் ஒரு வால்வு சுருங்கிக்கொண்டு வந்தது. மாத்திரை கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். நெஞ்சைத் திறந்து வால்வை மாற்றவேண்டும். மாற்றாவிட்டால் ஒருநாள் இதயம் ஓய்ந்துவிடும். மருத்துவர்கள் இதைச் சொல்லிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. முதலில் அவரே "பேந்து பாப்பம்" என்று தள்ளினார். பிறகு ஒப்புக்கொண்டு காத்திருப்போர் வரிசையில் சேர்ந்தார். இந்த ஊரில் அந்த வரிசையின் நீளத்தைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

மேசையில் இது எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தும் யாரிடமும் சொல்லக்கூடாது. மாத்திரை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கிவைக்க வேண்டியதை, கடைசி மாத்திரையை விழுங்கிய அன்றைக்கு வாங்க வருவார். நானே போன் பண்ணினால் "இன்னும் ஒண்டு கிடக்கு பிள்ளை" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் தாங்காமல், "ஆறின கஞ்சி பழங்கஞ்சி அக்கா" என்றேன்.

"பதறாத காரியம் சிதறாது" என்று பையை வாங்கிக்கொண்டு போனார். பழமொழிக்குப் பஞ்சமில்லாத மொழி நம்முடையது, இரண்டு பக்கத்துக்கும் ஒன்று வைத்திருக்கிறது.

ஒரு டிசம்பர் சாயங்காலம் பார்க் மெட்ரோ நிலையத்தில் அவரைப் பார்த்தேன். நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ரயில் வந்து நின்றது, போனது. அவர் எழுந்திருக்கவில்லை. அடுத்ததும் வந்து போனது. கூட்டமில்லாத ரயிலுக்குக் காத்திருக்கிறார் போலும், அவருடைய வழக்கம்தானே என்று சிரித்துக்கொண்டே கிட்டப் போனேன். போன பிறகுதான் அவர் வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. அவர் ரயில் ஏறக் காத்திருக்கவில்லை. ரயிலிலிருந்து இறங்கி, வெளியே போகும் படிக்கட்டில் ஏறுவதற்குத் தெம்பு வரட்டும் என்று காத்திருந்தார்.

"ரொம்ப நேரமா இருக்கீங்களா?"

"இப்பதான்" என்றார். அது பொய். பக்கத்தில் இருந்த பையில் கீரை வாடியிருந்தது. அன்றைக்கு அவர் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினேன். ஒவ்வொரு வளைவிலும் நின்று, சுவரில் ஒட்டியிருந்த விளம்பரங்களை அவர் ரொம்ப அக்கறையாகப் படித்தார். இத்தனை காலமும் நான் பொறுமை என்று கேலி செய்துகொண்டிருந்ததில் எவ்வளவு பொறுமை, எவ்வளவு மூச்சுத்திணறல் என்று அதற்குப் பிறகு எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. பயமாக இருந்தது.

ஜனவரியில் மருத்துவமனையிலிருந்து கூப்பிட்டு ஒரு தேதி கொடுத்தார்கள். அவர் "தடிமன் பிடிச்சிருக்கு" என்று சொல்லித் தட்டிக்கழித்துவிட்டார். அதை எனக்குச் சொன்னபோது அவர் மூக்கில் சளிக்கு அடையாளமே இல்லை.

"அடுத்த தடவையும் இப்படிச் சொன்னா உங்க பேரைக் கீழ இறக்கிடுவாங்க அக்கா. உங்களுக்கு அவ்வளவு நேரமில்ல" என்றேன். கவுண்டரில் நின்று சொல்லக்கூடாத வார்த்தைதான். கோபத்தில் சொல்லிவிட்டேன்.

"ஓம், ஓம்" என்றார், குழந்தையைச் சமாதானப்படுத்துகிற மாதிரி.

மார்ச் வந்தது. டிராஃப்டுக்கு வழக்கம்போல என் பக்கத்தில் உட்கார்ந்தார். முகம் மெலிந்திருந்தது, கணுக்கால் வீங்கியிருந்தது. மற்றவர்கள் மடிக்கணினி வைத்திருப்பார்கள், அவர் தன் கைப்பேசியிலேயேதான் எடுப்பார். அன்றைக்கும் ஐந்து அவுட்ஃபீல்டர் இடத்தையும் வெறுமையாக விட்டுக்கொண்டு வந்து, கடைசிச் சுற்றுகளில் ஒவ்வொன்றாக நிரப்பத் தொடங்கினார். அவர் நிஜமாகக் காத்திருந்த ஆளை நெட்டையன் என்று சொல்வார். வயது கொஞ்சம் கூடியவன். முந்தைய அணி குளிர்காலத்தில் அவனை வேண்டாமென்று விட்டுவிட்டது. பிப்ரவரியில் வேறொரு அணி எடுத்துக்கொண்டது, அங்கே நடுவில் நிற்கிறவனுக்கு மணிக்கட்டு உடைந்துவிட்டதால். "இனி ஒவ்வொரு நாளும் நிப்பான்" என்று என் காதுக்குள் சொல்லியிருந்தார். என்னிடம் சொன்னால் நான் எடுக்க மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

பாலா அண்ணைக்கும் அது தெரிந்திருந்தது, அதுதான் சங்கடம். அக்காவுக்கு அடுத்த முறை அவருடையது.

"அக்கா, உங்கட ஆள் ஆரெண்டு எனக்கு விளங்கீட்டுது. விடுங்கோ பாப்பம்" என்றார் பாலா அண்ணை, றோல்ஸைக் கடித்தபடி.

அக்காவின் முறை வந்தது. தொண்ணூறு விநாடி ஓடத் தொடங்கியது. அவர் உடனே எடுக்க மாட்டார், அது அவர் பாணி. பாலா அண்ணையை நெளியவிட்டுவிட்டுத்தான் எடுப்பார். பாதி நேரம் போயிருக்கும், அவர் கைப்பேசி அடித்தது. திரை முழுக்க அழைப்பு வந்து ஆட்டக்காரர்களின் பெயர்களை மறைத்துவிட்டது. எண் இல்லை. தனியார் எண் என்று மட்டும் இருந்தது.

இந்த ஊரில் மருத்துவமனைதான் அப்படிக் கூப்பிடும். அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன்.

"எடுங்க அக்கா."

"எடுத்தால் ஆள் போயிடுவான்."

"அக்கா, இது அவங்கதான்."

"தெரியும்."

எடுக்கவும் இல்லை, துண்டிக்கவும் இல்லை. விரலை இரண்டுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தார். கைப்பேசி மேசையில் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்தது. சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில் விநாடிகள் குறைந்துகொண்டிருந்தன. சுதன், "அக்கா, நேரம்" என்றான். பாலா அண்ணை கடிப்பதை நிறுத்தியிருந்தார். அவர்களுக்கு இது வெறும் விளையாட்டு, நெட்டையன் போவானா நிற்பானா என்பதுதான் கேள்வி. நானே பறித்து எடுத்துவிடலாமா என்று நினைத்தேன். அதற்குள் மணி தானாக நின்றது. திரையில் பெயர்கள் திரும்பி வந்தன. ஒற்றை இலக்கத்தில் நேரம் இருக்கும்போது அக்கா நெட்டையனை அழுத்தினார்.

மேசை ஆரவாரித்தது. பாலா அண்ணை நெற்றியில் அடித்துக்கொண்டார். அக்கா சிரித்தார், ஆனால் கையை மேசைக்குக் கீழே கொண்டுபோய்விட்டார்.

குரல் செய்தி வந்திருப்பதாக அடையாளம் தெரிந்தது. நான் அவரைக் கையோடு எழுப்பி முன்கடைக்கு அழைத்துப்போனேன். உடைந்த கைப்பேசிகள் அடுக்கிய கண்ணாடிப் பெட்டி, பாதி இறக்கிய ஷட்டர். அங்கே நின்று செய்தியை ஒலிபெருக்கியில் போட்டேன். ஒரு பெண் வேகமான ஃப்ரெஞ்சில் பேசினாள். ஒரு நோயாளி விலகிவிட்டார், ஒரு இடம் காலியாக இருக்கிறது. நாளைக்கு வந்து சேரவேண்டும், மறுநாள் காலை அறுவை சிகிச்சை. இன்றைக்கு நான்கு மணிக்குள் பதில் சொல்லாவிட்டால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும். கடைசியில் ஒரு எண் கொடுத்திருந்தாள்.

"பேந்து எடுப்பினம்" என்றார் அக்கா.

"எடுக்க மாட்டாங்க. நாலு மணிக்கு அடுத்த ஆளுக்குக் கொடுத்துடுவாங்க. அவ பேசினது உங்களுக்குப் புரியலையா?"

"விளங்குது. சந்தையிலை உந்தப் பாசையிலைதானே நாள் முழுக்கக் கதைக்கிறன்."

"அப்போ கூப்பிடுங்க."

அவர் அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துகொண்டார். பிறகு, "அந்த இடம் ஏன் காலியானது எண்டு யோசிச்சீரோ?" என்றார். "ஆரோ ஒரு ஆள் வேண்டாமெண்டு விட்ட இடம். அந்த ஆளுக்கு என்ன தெரிஞ்சுதோ."

"அக்கா, மணி ஓடுது."

"என்ர மனுசன் முதல் குடுத்த திகதிக்கே ஓமெண்டவர். நான்தான் கெதியாய்ப் போங்கோ எண்டு அனுப்பினனான். ஒப்பரேசனுக்கு நடந்துதான் உள்ளை போனவர்."

அவர் கணவர் இறந்துபோனவர் என்பது எனக்குத் தெரியும். எப்படி இறந்தார் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அதோடு இன்னொன்றும் தெரிந்தது. மாத்திரை, மெட்ரோ, கோழிக்கால் எல்லாவற்றிலும் நான் பார்த்த அந்தப் பெரிய நிதானம் ஒரு பயத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. கணவர் போன பிறகு வந்த நிதானம் அது. பாவமாக இருந்தது. ஆனால் பாவப்பட அது நேரமில்லை, அதனால் எனக்குக் கோபம்தான் வந்தது.

"உள்ள இப்போ யாரை எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"ஏன்?"

"அவனை ஒரு டீம் வேண்டாம்னு விட்டதுதானே? நான் வந்த நாளா பார்க்கிறேன், நீங்க எடுத்த அவுட்ஃபீல்டர் எல்லாருமே மத்தவங்க விட்டவங்கதான். ஏன் விட்டாங்கன்னு ஒருநாளாவது பயந்தீங்களா? மிஞ்சினதுல ஒண்ணு எனக்குன்னு இருக்கும்னுதானே சொல்லுவீங்க. இதோ இருக்கு. மிஞ்சினது. உங்களுக்குன்னு வந்திருக்கு."

"அது விளையாட்டு பிள்ளை."

"அப்போ விளையாட்டுக்கு மட்டும்தான் தைரியமா?"

இப்படி நான் என் அம்மாவிடம்கூடப் பேசியதில்லை. அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். எழுந்து போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். உள்ளேயிருந்து சுதன் கூப்பிட்டான்.

"அக்கா, உங்கட முறை. கடைசி அவுட்ஃபீல்டர். நேரம் ஓடுது."

அக்கா பாதி எழுந்தார். பழக்கம் அப்படி. பிறகு மெதுவாக மறுபடியும் உட்கார்ந்து, கைப்பேசியை என்னிடம் நீட்டினார்.

"நீர் நம்பரை அடியும்."

அடித்தேன். இசை போட்டார்கள். அந்த இசையைக் கேட்டிருக்கிறவர்களுக்குத் தெரியும், அது மனிதனைக் கொல்வதற்கென்றே செய்தது. சுவர்க்கடிகாரத்தில் நான்காக இன்னும் கொஞ்சம்தான் இருந்தது.

"அக்கா, இன்னும் இருவது விநாடிதான்" என்று சுதன் மறுபடி கத்தினான்.

"கொம்பியூட்டர் எடுக்கட்டும்" என்றார் அக்கா. அது உள்ளே கேட்டிருக்காது. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொருமுறை சொன்னார். "கொம்பியூட்டர் எடுக்கட்டும் தம்பி."

பாலா அண்ணை வாசலில் வந்து எட்டிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்.

ஒரு பெண் எடுத்தாள். பெயரைச் சொன்னேன். இடம் இருக்கிறதா என்று பார்க்கிறேன், ஒரு நிமிடம், என்று சொல்லிவிட்டு மறுபடியும் இசையைப் போட்டாள். அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பொறுமையாக எதற்கும் நின்றதில்லை. அவள் திரும்பி வந்தாள். இடம் இருக்கிறது, நோயாளி சம்மதிக்கிறாரா என்று கேட்டாள். அதை நான் சொல்ல முடியாது. கைப்பேசியை அக்காவின் வாய்க்கருகில் பிடித்தேன்.

"வி, மதாம்" என்று ஃப்ரெஞ்சில் சம்மதம் சொன்னார். சந்தையில் காய் நிறுத்துக் கொடுக்கும்போது சொல்கிற அதே குரல்.

கம்ப்யூட்டர் அவருக்கு எடுத்துக் கொடுத்தவன் யாரென்று எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அறுவை சிகிச்சை நடந்தது. அக்கா வெளியே வந்தார். வசந்தம் முழுக்க வீட்டில் இருந்தார், பிறகு சந்தைக்குத் திரும்பினார். பெட்டி தூக்கக்கூடாது, கல்லாவில் மட்டும் உட்காரலாம் என்று ஏற்பாடு. நெட்டையன் அந்த வருடம் நன்றாகவே அடித்தான். கவுண்டருக்கு வரும்போதெல்லாம் அவன் கதைதான். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். மற்றவர்களிடம் சொல்ல முடியாவிட்டாலும், மனசுக்குள் எனக்கு நானே ஒரு மாலை போட்டுக்கொண்டிருந்தேன்.

குளிர்காலத்தில் ஒருநாள் புதிய மருந்துச்சீட்டோடு வந்தார். இரண்டு முறை படித்தேன். வால்வு கெட்டுப்போகிறவர்களுக்கு எழுதுகிற மருந்துகள் இல்லை அவை. இதயமே தளர்ந்துபோனவர்களுக்கு, வேறு வழியில்லாதபோது எழுதுகிறவை.

"வால்வு நல்லாத்தான் வேலை செய்யுதாம்" என்றார், நான் கேட்காமலே. "இதயம்தான் முதலே களைச்சுப்போச்சாம். ரெண்டு மூண்டு வருசம் முந்தி வந்திருந்தால் வேறை கதையாம்."

"அக்கா..."

"மருந்தைக் குடும் பிள்ளை. பின்னாலை ஆக்கள் நிக்கினம்."

மார்ச்சில் மறுபடியும் கூடினோம். சீட்டுக் குலுக்கியதில் அக்காவுக்கு மூன்றாவது முறை, எனக்கு நான்காவது. முதல் சுற்று. முதல் இரண்டு பேரும் எடுத்து முடித்தார்கள். அக்காவின் தொண்ணூறு விநாடி தொடங்கியது. பாலா அண்ணை சாவகாசமாக றோல்ஸ் பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தார், அக்கா எப்படியும் கடைசி வரை ஓட்டுவார் என்று.

ஓட்டவில்லை. நேரம் தொடங்கியதுமே அழுத்திவிட்டார். பெரிய திரையில் பெயர் வந்தது. அந்த வருடம் எல்லாருடைய வாயிலும் இருந்த அவுட்ஃபீல்டர் அவன். சின்ன வயது, வருடத்துக்கு நாற்பது ஐம்பது ஹோம் ரன் அடிக்கிறவன், விளம்பரங்களில் பல்லைக் காட்டுகிறவன். அப்படிப்பட்ட ஒருவனைப் பற்றி அக்கா ஒரு நல்ல வார்த்தை சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

"அக்கா, கை பட்டுட்டுதோ?" என்றான் சுதன். "மாத்தவேணுமெண்டால் சொல்லுங்கோ, மாத்தித் தாறன்."

"இல்லைத் தம்பி. அவனைத்தான் எடுத்தனான்."

"இது முதல் றவுண்ட் அக்கா."

"தெரியும்."

பாலா அண்ணை சிரிக்கத் தொடங்கினார். "என்ன அக்கா, கொள்கையை மாத்தியாச்சோ? இவன்ர முதுகைப் பாத்தனீங்களோ?"

"முதுகு பாக்கேல்லை" என்றார் அக்கா. "இந்த வருசம் எனக்கு ஒரு நல்லவனைத் தொடக்கத்திலை இருந்தே பாக்க விருப்பம்."

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்து, ஒரு றோல்ஸை எடுத்துப் பிய்த்துப் பாதியை எனக்குக் கொடுத்தார். வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டேன். என் முறை வந்துவிட்டிருந்தது. யார் பெயரை அழுத்தினேன் என்று இப்போதும் எனக்கு நினைவில்லை.

அவன் அக்டோபர் வரை ஆடினான். அக்கா அவனை ஆகஸ்ட் வரை பார்த்தார்.